பதிமூன்று நாற்காலி

2024 மார்ச் 16, சனிக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, பீடோங் புனித ரோக் சிற்றாலயத்தின் வாசலிலிருந்து முப்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் கரங்கான் என்னும் ஊருக்குப் புறப்பட்டது.

ஏறியவர்கள் எல்லோரும் கரங்கானில் இருந்த ஹேவர்லி தோட்டத்தில் பிறந்தவர்கள், அல்லது அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள். ஹேவர்லியில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் சாய்த்துவிட்டு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பணக்காரர் அங்கே கோட்டை கட்டினார். இத்தாலியில் மிலான் நகரத்துக் கோட்டையின் நகல் என்று விளம்பரம். அதே நகரத்தில் ஒரு மடத்துச் சுவரில் லியோனார்டோ டா வின்சி வரைந்த, இயேசுவின் கடைசி இராவுணவுப் படத்தையும் முழு அளவில் நகலெடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். வாரக் கடைசிகளில் பினாங்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பஸ்களை நிறுத்த இடம் போதவில்லை. கோட்டைக்குப் பின்னால் சமதரையாகக் கிடந்தது தோட்டத்துக் கத்தோலிக்கர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான்.

அதில் நாற்பத்து மூன்று கல்லறைகள். அவற்றைத் தோண்டி எடுத்துப் பீடோங்கில் புதைத்துத் தருவதாகக் கோட்டை நிர்வாகம் சொன்னது. கல்லறைக்கு ஒருவராகக் குடும்பத்தார் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் எல்லோரும் வந்து கோட்டையைச் சுற்றிப் பாருங்கள், வழிகாட்டி உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு என்று கடிதம் வந்தது. ஆலய மன்றத் தலைவர் மோரிஸ் ஞாயிறு பூசை முடிந்ததும் அதை வாசித்தார். பேருக்குக்கூட ஒரு கேள்வி எழவில்லை.

ஃபெலிசியாவின் பையில் முப்பத்தொன்றாம் எண்ணுக்கான தாள் இருந்தது. அது அவள் புருஷன் சவரிமுத்துவின் கல்லறை. அந்தத் தாளைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பட்டியலில் நாற்பத்து நான்காவதாக ஒரு வரி வேண்டும். அதற்காகத்தான் பஸ் ஏறியிருந்தாள்.

"போன ஒடனே கேட்டுடுங்க அண்ணி," என்றாள் பக்கத்தில் இருந்த கேதரின். சவரிமுத்துவின் தங்கை. "சாப்பாட்டுக்கு அப்பறம்னா மோரிசு கழண்டுக்குவான்."

"கேக்காம கையெழுத்து இல்ல," என்றாள் ஃபெலிசியா.

1985 ஆகஸ்டில், தோட்டத்து ஆஸ்பத்திரியில், எட்டாம் மாதத்திலேயே அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கூலிம் டவுனுக்குப் போயிருந்தார். குழந்தைக்கு மூச்சு நிற்கப் போகிறது என்று தெரிந்ததும், எழுந்திருக்க முடியாத ஃபெலிசியா, பிள்ளை பார்க்கும் ஆயா காளியம்மாவிடம் சொன்னாள்: "தலையில தண்ணி ஊத்துக்கா, நான் சொல்றத அப்பிடியே சொல்லு." காளியம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே. மூன்று தரம் ஊற்றினாள். ரீத்தா என்று பேர். அரை மணி நேரம் கழித்துக் குழந்தை போய்விட்டது.

கோயில் காரியங்களைப் பார்க்கும் தோட்டத்து உபதேசியார் ஒத்துக்கொள்ளவில்லை. "கும்புடுற சாமி வேற, ஊத்துற தண்ணி மட்டும் செல்லுமா?" என்றார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை. ஏட்டில் பேர் ஏறவில்லை. சவரிமுத்து வேலிக்கு வெளியே தானே குழி வெட்டினான். மூன்று செங்கல் வைத்து, ஒரு குரோட்டன் செடியை நட்டான்.

அந்த உபதேசியார் மோரிசின் அப்பா.

இருபத்தாறு வருஷம் கழித்து, பேரனின் ஞானஸ்நானத்துக்கு முன் சுங்கைப்பட்டாணியில் ஃபெலிசியா ஒரு வகுப்புக்குப் போனபோது, சாவு நெருங்கிய நேரத்தில் யார் ஊற்றினாலும் செல்லும், ஞானஸ்நானம் பெறாதவர்கள் ஊற்றினாலும் செல்லும், அது பழைய காலத்திலிருந்தே உள்ள சட்டம் என்று சாமியார் சொன்னார். அவள் கையைத் தூக்கி இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் அதையேதான் சொன்னார். அன்றிலிருந்து அவள் மோரிசைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆலய ஏடுகள் அவரிடம்தான் இருந்தன. "பாப்போங்கா" என்பார். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டையைச் சுற்றி அகழி வெட்டியிருந்தார்கள். தண்ணீர் பாசி பிடித்துக் கெட்டியாக இருந்தது. திலாப்பியா மீன்கள் வாயைத் திறந்து மேலே வந்து, பார்வையாளர்கள் எறிந்த பிஸ்கட்டைத் தின்றன. இரண்டு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. ஃபெலிசியா சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் வேலை செய்தவள் அவள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண், எங்கே போனாலும் அதைத்தான் தேடியது. கல்போலச் சாயம் அடித்த கோட்டைச் சுவரில் அடிப்பக்கம் காரை உப்பி, உள்ளிருந்த கோழிக்கூண்டுக் கம்பி தெரிந்தது.

வழிகாட்டி ரூபினி இருபத்து மூன்று வயது இருக்கலாம். காதில் ஒலிவாங்கியும் இடுப்பில் ஒலிபெருக்கியும் மாட்டியிருந்தாள்.

"வணக்கம் அங்கிள், ஆன்ட்டி. எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. இது பதினஞ்சாம் நூற்றாண்டுக் கோட்டையோட மாதிரி. அந்தக் கோட்டையில இருந்த பிரபுதான் இராவுணவுப் படத்த வரையச் சொன்னவரு. அதனால ரெண்டையும் ஒரே எடத்துல பாக்குற சான்ஸ் ஒலகத்துலயே இங்க மட்டும்தான்."

"மிலான்லயும் ரெண்டும் ஒரே ஊர்லதானம்மா இருக்கு?" என்று கேட்டாள் கேதரின்.

"அங்க நடக்கணும் ஆன்ட்டி. இங்க ஏர்கொண்டிஷன்."

முற்றத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ரப்பர்ப் பால் வாளி தூக்கிய இரண்டு பெண்கள், பிளாஸ்டரில். உதட்டில் சிவப்புச் சாயம். பல் எல்லாம் தெரியச் சிரித்தார்கள். தோட்ட வாழ்க்கையின் இனிமை என்று மூன்று மொழியில் பலகை. அந்தப் பொம்மைகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் படம் எடுத்தார்கள். எடுத்தவர்கள் இருவரும் அதே தோட்டத்தில் விடியற்காலை நான்கரை மணிக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றவர்களின் பிள்ளைகள். ஃபெலிசியா அவர்களைத் தாண்டி நடந்தாள்.

கோபுரத்து மாடியிலிருந்து பின்பக்கம் தெரிந்தது. நாற்பத்து மூன்று சிலுவைகளும் எண் எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை தொங்க நின்றன. வேலிக்கு இந்தப் பக்கம், ஒரு மண்வாரி இயந்திரத்தின் சங்கிலிப் பட்டைத் தடம் குரோட்டன் செடிக்கு இரண்டு முழம் வரைக்கும் வந்து திரும்பியிருந்தது.

"மோரிசு," என்று கூப்பிட்டாள். "அந்தா பாரு. அந்தச் செடி."

மோரிஸ் கைப்பேசியை நீட்டி மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பாத்தேங்கா. கீழ போயிப் பேசுவோம்."

"கீழ போனா சாப்பாடும்ப."

"அதுக்கு அப்பறம் பேசுவோம் லா. எங்க ஓடிப் போறேன்?"

இராவுணவுக் கூடம் குளிர்ந்து கிடந்தது. ரோஜா வாசனைத் திரவம் அடித்திருந்தார்கள். அதையும் மீறிக் கம்பளத்தின் பூஞ்சை நாற்றம் வந்தது. எதிர்ச் சுவர் முழுக்கப் படம். எட்டு மீட்டருக்கு மேல் அகலம். அச்சடித்து ஒட்டியது. அங்கே வந்திருந்த எல்லோருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலும் இதே படம் சின்னதாகத் தொங்கியது. ஆனால் இவ்வளவு பெரிதாக, ஆள் உயரத்துக்கு மேல், நடுவில் இயேசுவின் முகம் தனியாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கேதரின் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் ஃபெலிசியாவுக்கும் மனசு இளகியது.

"உங்கள்ள ஒருத்தன் என்னைக் காட்டிக் கொடுப்பான்னு இயேசு சொன்ன நொடிதான் இது," என்றாள் ரூபினி. ஒலிபெருக்கி கரகரத்தது. "ஒவ்வொருத்தரும் நானா, நானான்னு கேக்குறாங்க, கையப் பாருங்க. அசல் படத்துல இயேசுவோட பாதம் கெடையாது. ஏன்னா அது மடத்துச் சாமியாருங்க சாப்புடுற கூடம். படம் வரைஞ்சு நூத்தம்பது வருஷம் கழிச்சு, வாசல் வேணும்னு சுவத்த வெட்டிட்டாங்க. பாதம் போச்சு. நாங்களும் அதே எடத்துல வாசல் வச்சிருக்கோம். அது எங்க கிச்சன் வாசல்."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தக் கதவு திறந்தது. ஒரு பங்களாதேஷ் தொழிலாளி தட்டுகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். எண்ணெய் காயும் வாசனை வந்தது. சிலர் சிரித்தார்கள்.

"பசிக்குது லா," என்றார் ஒருவர்.

படத்துக்கு முன்னால் ஒரு நீள மேசை. வெள்ளை விரிப்பு, பிளாஸ்டிக் திராட்சை, பிளாஸ்டிக் ரொட்டி. மேசைக்கு ஒரே பக்கமாகப் பதிமூன்று நாற்காலி. ஒரு தொங்கியில் பட்டுபோலப் பளபளக்கும் அங்கிகளும் தாடிகளும். பதிமூன்று பேர் உடுத்தி உட்கார்ந்தால் ஒரு படம் எடுத்துக் கொடுப்பார்கள். அதுதான் சுற்றுலாவின் கடைசிக் கட்டம். அங்கிகளின் கழுத்துப் பட்டை அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஃபெலிசியா ஒன்றை விரல் நுனியால் தொட்டாள். ஈரம். யாரோ முந்திய குழுவின் வியர்வை.

"நடு நாற்காலிக்கு யாரு?" என்று கேட்டாள் ரூபினி.

"தலைவரு!" என்றது கூட்டம்.

"ஐயோ, எனக்கு எதுக்கு? வேற ஆளப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே மோரிஸ் கையை அங்கிக்குள் நுழைத்தார். தாடியை மாட்டிவிட இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நடுவில் உட்கார்ந்து, படத்தில் உள்ளதுபோல இரண்டு கையையும் மேசை மேல் விரித்தார். இடது கையில் கடிகாரம் மின்னியது. தலைமைச் சீடர் இராயப்பரின் நாற்காலிக்கு இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். இளைய சீடர் அருளப்பருக்கு மீசை இருக்கக் கூடாது என்று ஒருவரை எழுப்பினார்கள். பன்னிரண்டு நாற்காலி நிறைந்தது.

"அது யாரு எடம்?" என்று காலியாக இருந்ததைக் காட்டிக் கேட்டார் மோரிஸ்.

"காட்டிக் கொடுத்த யூதாஸ், அங்கிள். முழங்கைய மேசை மேல ஊனி, கையில காசு முடிச்சு வச்சிருக்காரு பாருங்க."

யாரும் நகரவில்லை. நீ போ, நான் மாட்டேன், எம் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விட மாட்டா, தவக்காலத்துல வேணாம்பா. சிரிப்பும் தள்ளுமுள்ளுமாகப் போனது. அப்போது இராயப்பர் நாற்காலியில் இருந்தவர் சொன்னார்:

"டிரைவரக் கூப்புடு லா. அவரு இந்துதானே. அவருக்கு ஒண்ணும் ஆவாது."

பஸ் ஓட்டுநர் முனியாண்டியைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். நெற்றியில் திருநீறு, கையில் பாதி குடித்த ஐஸ் கோப்பி.

"என்னா வேசம்ணே இது?"

"சும்மா ஒரு போட்டோ. அங்க உக்காருங்க."

"யாரு இவரு?"

"கெட்டவரு," என்று கத்தினார் ஒருவர். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

"அது செரி. நான் உங்களக் கொண்டாந்து எறக்கி விட்டவன். எனக்கு இந்தப் பேரா?" என்றார் முனியாண்டி. ஆனாலும் உட்கார்ந்தார். திருநீறு தெரியக் கூடாது என்று மோரிஸ் தன் அங்கிக் கையாலேயே அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். முனியாண்டி ஒரு வினாடி முகத்தைப் பின்னால் இழுத்தார். பிறகு சிரித்தார். விளக்கு பளிச்சிட்டது.

ஃபெலிசியா சுவரோரம் நின்று அந்த நெற்றியைப் பார்த்தாள். வெளியே போய்விடலாம் என்று இரண்டு அடி வைத்தாள், பிறகு நின்றாள். போனால் அந்த நாற்பத்து நான்காவது வரி போய்விடும்.

அங்கிகளைக் கழற்றிய அதே மேசையில் சாப்பாடு போட்டார்கள். பாதம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வண்டி வண்டியாகப் பொரித்த கோழி வந்தது. தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை என்பது ஹேவர்லியில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பயணத்துல இருக்கறவங்களுக்கு விலக்கு உண்டு," என்றார் மோரிஸ்.

"அது பாய்மாருக்குள்ள நோன்புச் சட்டம் மோரிசு," என்றாள் கேதரின். "நம்ம கோயில்ல எப்ப வந்துச்சு?"

"எல்லாம் ஒரே ஆண்டவன்தானே."

அதற்கப்புறம் தடை இல்லை. வெள்ளை விரிப்பில் மஞ்சள் எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவியது. பிளாஸ்டிக் திராட்சைக் கொத்தின் மேல் யாரோ எலும்பை வைத்தார். ஃபெலிசியா வெறும் சோற்றைக்கூடத் தொடவில்லை. முனியாண்டி தன் தட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கோழித் தட்டுகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக் கொண்டு மேலாளர் ஷீலா பட்டியலை விரித்தாள். முப்பது வயதுக்காரி, கழுத்தில் அடையாள அட்டை. "ஒவ்வொருத்தரா வாங்க. பேருக்கு நேரா ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்." விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போட்டார்கள்; இரண்டு மூன்று கல்லறை உள்ளவர்கள் இரண்டு மூன்று போட்டார்கள். சில பேருக்கு நேரே மஞ்சள் விரல் அடையாளமும் பதிந்தது.

ஃபெலிசியாவின் முறை வந்தது. பேனாவை வாங்கினாள். முப்பத்தொன்றுக்குப் போகவில்லை. தாளின் அடியில், நாற்பத்து மூன்றுக்குக் கீழே, காலியான இடத்தில் எழுதினாள்: 44. ரீத்தா, த/பெ சவரிமுத்து. 19.8.1985.

"இது யாரு ஆன்ட்டி?"

"எம் பொண்ணு. வேலிக்கு வெளிய இருக்கா. குரோட்டன் செடிக்குக் கீழ."

ஷீலா தோளைக் குலுக்கினாள். "ஒண்ணு கூடுனா எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா கோயில்லருந்து ஒரு லெட்டர் வேணும். மோரிஸ் அங்கிள் சைன் வச்சாப் போதும்."

எல்லோரும் மோரிசைப் பார்த்தார்கள். அவர் உதட்டில் தாடிப் பசை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அக்கா, ரெஜிஸ்டர்ல இல்லாத பேர நான் எப்பிடிக் குடுக்குறது? ஞானஸ்நானம் ஆகல."

"ஆச்சு. காளியம்மா ஊத்துனா."

"அதான் சொல்றேன். ஒரு இந்து ஊத்துனத…"

"மோரிசு." அவள் குரலை உயர்த்தவில்லை. "யூதாசா உக்கார ஒரு இந்து வேணும், ஓடிப் போயிக் கூட்டியாந்தீங்க. எம் புள்ள தலையில தண்ணி ஊத்த மட்டும் இந்து ஆகாதா?"

ஒருவர் கையில் இருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்தார்.

"எங்கப்பா செத்து இருவது வருஷமாச்சு. செத்த மனுசன இப்ப ஏங்கா இழுக்குறீங்க? அவரு தப்புப் பண்ணிட்டாருன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"உங்கப்பாவுக்குத் தெரியல, அவர விடு. உனக்குத் தெரியும். சாமியாரு சொன்னத நான் பன்னண்டு வருஷமா உனக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"நாளைக்கு எல்லாரும் வந்து என் வீட்டு நாய்க்குட்டியும் அங்கதான் கெடக்குன்னு சொன்னா…"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கேதரின் எழுந்து நின்றாள். "எங்கண்ணன் கையால பொதைச்ச புள்ளடா அது," என்றாள்.

"அக்கா, முப்பத்தொண்ணுல போடுங்க, அத அப்பறமா பாப்போம்," என்றார் இராயப்பராக உட்கார்ந்தவர். "ஒங்க ஒரு ஆளால எல்லாருக்கும் வேலை நிக்கும். பஸ் வேற மூணு மணிக்கு."

ஃபெலிசியா அவரைப் பார்த்தாள். பிறகு வரிசையாக எல்லோரையும் பார்த்தாள். ஒவ்வொருவருடைய வீட்டுச் சாவுக்கும் அவள் போயிருந்தாள். நவம்பர் இரண்டாம் தேதிக் கல்லறைத் திருநாளில் அவர்கள் வேலிக்கு உள்ளே சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றியபோதெல்லாம் வேலிக்கு வெளியே அவளும் சவரிமுத்துவும் குந்தியிருந்ததை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். ஒருவர்கூடக் கண்ணை நிமிர்த்தவில்லை. எல்லார் வாயும் எண்ணெயில் மின்னியது.

"சாப்புடுங்க," என்றாள். "ஆறிடும்."

பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அகழிப் பாலத்தைத் தாண்டி, பஸ்ஸுக்குப் போய், முன்சீட்டில் உட்கார்ந்தாள். முனியாண்டி ஓட்டுநர் இருக்கையில் ஈரத் துணியால் நெற்றியை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்புடலியாக்கா?"

"இல்ல."

"நானும் கீழ கொட்டிட்டேன். மீனு தின்னுச்சு."

மூன்று மணிக்குப் பஸ் கிளம்பியது. கேதரினைத் தவிர யாரும் ஃபெலிசியாவோடு பேசவில்லை. பட்டியலில் நாற்பத்திரண்டு கையெழுத்து இருந்தது.

ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் வேலையைத் தொடங்க அனுமதி இல்லை. கோட்டை நிர்வாகம் இரண்டு கடிதம் எழுதியது. ஷீலா மூன்று தரம் பீடோங்குக்கு வந்து போனாள். ஆலய மன்றம் இரண்டு முறை கூடியது. மே மாதம் 28ஆம் தேதி மோரிஸ் ரீத்தாவுக்கான ஆலயக் கடிதத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் ஃபெலிசியா முப்பத்தொன்றாம் எண்ணுக்கும் நாற்பத்து நான்காம் எண்ணுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

ஜூலை 20ஆம் தேதி நாற்பத்து நான்கு குழிகள் தோண்டப்பட்டன. கடைசிக் குழியில் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு கை மண்ணை ஒரு சட்டியில் எடுத்துப் பீடோங்கில் சவரிமுத்துவின் பக்கத்தில் புதைத்தார்கள். ஞானஸ்நான ஏட்டில் மோரிஸ் ரீத்தாவின் பேரையும், தாய் தகப்பன் பேரையும், தேதியையும் எழுதினார். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.